வாரா வாரம் அம்மாவுக்கு மூட்டுவலி ஊசி, உள்ள என்ன மருந்துன்னே தெரியல

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், மொத தடவ எழுதுறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கங்க. அம்மாவுக்கு 56 வயசு, தேனி பக்கம் ஊரு. ஒன்றரை வருசமா ரெண்டு கை விரலு, மணிக்கட்டு, முட்டி எல்லாம் வீங்கி வலி. காலையில எந்திரிச்சா விரல மடக்க முடியாது, பால் பாக்கெட்டக் கூட பல்லுல கடிச்சுத்தான் பிரிக்கும், ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கை வசத்துக்கு வரும். பக்கத்துல ஒரு கிளினிக்குல காட்டுறோம், போனா இடுப்புல ஒரு ஊசி, ஒரு பொட்டலம் மாத்திரை, அவ்வளவுதான். ஊசி போட்ட அன்னைக்கு அம்மாவ பாக்கணுமே, சின்னப் பிள்ள மாதிரி ஓடும், தோட்டத்துக்குப் போயி களை கூட எடுத்துட்டு வரும். நாலு நாளு, அஞ்சு நாளு. அப்புறம் பழைய குருடி கதவத் தெறடி தான்.

ஆரம்பத்துல மாசம் ஒண்ணு போட்டோம், இப்ப வாரா வாரம். வெள்ளிக்கெழம ஆனா யாரும் சொல்லாமலே பைய எடுத்துட்டு கெளம்பிருது. மாத்திரைன்னா வயித்தப் புண்ணாக்கும், ஊசின்னா வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லித்தான் போடுறாங்க. என்ன மருந்துன்னு கேட்டா "வலிக்குத்தான்மா"ங்கிறாங்க. இப்ப ஒரு மூணு மாசமா மொகம் உப்புன மாதிரி இருக்கு, சொந்தக்காரங்க எல்லாம் "மதினி நல்லா பூசினாப்ல ஆயிட்டாங்க"ன்னு சந்தோசமா சொல்லிட்டுப் போறாங்க. பிரசர் மாத்திரை (டெல்மிசார்டான்) ரெண்டு வருசமா போடுது. இந்த ஊசிய இப்படியே போட்டுட்டுப் போலாமா?


சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, இரவு 10:05

போட்டா சொகமா இருக்குன்னா போட்டுட்டுப் போக வேண்டியதுதானே பாஸ், இதுல என்ன ஆராய்ச்சி. எங்கப்பாக்கு பத்து வருசமா யூரிக் ஆசிட், கால் கட்டை விரல் வீங்குனா நேரா போயி ஒரு வோவரான் ஊசி, மறுநாள் டிவிஎஸ் 50 எடுத்துட்டு மார்க்கெட் போயிடுவாரு. 2006ல சிக்குன்குனியா வந்தப்ப ஊரே வரிசைல நின்னு இடுப்பக் காட்டுச்சு, யாரும் செத்துப் போயிடல. நெட்ட பாத்து பயந்தா தண்ணி கூட குடிக்க முடியாது.


மாத்திரைப்பெட்டி | ஞாயிறு, இரவு 10:50

22 வருசமா மருந்துக்கடை வச்சிருக்கேன், பார்மசிஸ்ட். டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன்.

தம்பி, நம்மூருல "ஊசி"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள குறைஞ்சது நாலு வேற வேற சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு, டைக்லோபினாக் மாதிரி வலி வீக்கத்துக்கான ஊசி, வோவரான்னு சொல்றது இதத்தான், இது ஸ்டீராய்டு இல்ல. ரெண்டாவது, டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு ஊசி, இடுப்புல போடுறது. மூணாவது, மூட்டுக்குள்ளயே நேரா போடுற ஸ்டீராய்டு. நாலாவது, நோயவே அடக்குற ஊசிங்க, மீத்தோட்ரெக்சேட், அடலிமுமாப் இப்படி. நாலும் சிரிஞ்சுல தான் போகுது, ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு மாமன் மச்சான் கூட கிடையாது. "ஊசி போடுறோம்"னு சொன்னா எனக்கு ஒண்ணுமே புரியாது, எந்த ஊசின்னு தெரிஞ்சாத்தான் பேச முடியும்.

டைக்லோபினாக் மட்டும்னு வச்சுக்குவோம். 3 மில்லி ஆம்பியூல்ல 75 மி.கி. இருக்கும், இப்ப 1 மில்லிலயே 75 வர்ற மாதிரியும் இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு ஆம்பியூலுக்கு மேல கூடாது, ரெண்டு நாளுக்கு மேல ஊசியா தொடரக் கூடாது, அப்புறமும் தேவைன்னா மாத்திரைக்கு மாறணும். இது நான் சொல்றதில்ல, டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற பேப்பர்ல பொடி எழுத்துல போட்டிருக்கும், அத ஒருத்தரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க, கடைல அது பறக்காம இருக்க தராசுக்குக் கீழ வைப்போம்.

வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுங்கிறது சுத்தத் தப்பு. மாத்திரை வயித்துச் சுவத்துல உரசுறதாலதான் புண்ணு வருதுன்னு எல்லாரும் நெனைக்கிறோம். அதுல கொஞ்சம் உண்மை உண்டு, ஆனா பெரிய காரணம் வேற. நம்ம உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரக்குது, வீக்கமும் வலியும் அதனாலதான், அதே சமயம் வயித்து உள்சுவத்துக்கு மேல சளி மாதிரி ஒரு பாதுகாப்புப் பூச்சு போடுறதும் அதுதான். ஜான் வேன்னு ஒரு ஆளு 1971ல ஆஸ்பிரின் இத நிறுத்தித்தான் வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாரு, அதுக்கு 1982ல நோபல் கொடுத்தாங்க. டைக்லோபினாக்கும் அதே வழிதான். மருந்து வாய் வழியா போனாலும் இடுப்பு வழியா போனாலும் கடைசில ரத்தத்துல கலந்துதான் வேலை செய்யுது, ரத்தம் வயித்துக்கும் போகுது. அதனால ஊசி போட்டாலும் அல்சர் வரும், ரத்தக்கசிவும் வரும். மலம் தார் மாதிரி கருப்பா போனா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஊசில ஒரே ஒரு லாபம், சீக்கிரம் கேக்கும். ஊசின்னா 20 நிமிசம் சுமாருக்கு ரத்தத்துல உச்சத்துக்குப் போயிடும், பூச்சு போட்ட மாத்திரை ரெண்டு மணி நேரம் எடுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், சக்தி அதிகம்னு எல்லாம் இல்ல.

ஆனா தம்பி, நீங்க சொல்ற மொகம் உப்புறது டைக்லோபினாக் வேலை மாதிரி தெரியல எனக்கு. அடுத்த தடவ ஊசி போட்டப்புறம் குப்பைல போடுற காலி ஆம்பியூல போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க.


கொங்குவெயில் | திங்கள், காலை 7:15

மொகம் உப்புறதுன்னு படிச்சதும் எனக்கு திக்குன்னு ஆயிருச்சுங்க. முட்டி, விரலு ரெண்டு பக்கமும், காலைல ஒரு மணி நேரம் விறைப்பு, இத கேட்டா இது தேய்மானம் மாதிரி இல்லீங்க, ருமட்டாய்டு (நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டத் தாக்குற வாதம்) மாதிரி இருக்குது. பேச்சுக்குத்தான் சொல்றனுங்க, டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

எனக்கு 31 வயசுங்க, முதுகெலும்பு வாதம், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். 22 வயசுல ஆரம்பிச்சுது, நாலு வருசம் டிஸ்க்கு டிஸ்க்குன்னு சொல்லியே ஓட்டிட்டாங்க. ராத்திரி மூணு மணிக்கு இடுப்பு வலில எந்திரிச்சு வாசல்ல நடப்பனுங்க, நடந்தா வலி குறையும், படுத்தா ஜாஸ்தி ஆகும், எங்கம்மா யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு கோயில் கோயிலா கூட்டிட்டுப் போச்சு. வலி ஊசிய மட்டும் திட்டாதீங்க, எங்க நோய்க்கு அந்த வகை மருந்துதான் முதல் வைத்தியமே, ஒண்ணு கேக்கலைன்னா இன்னொண்ண ரெண்டு நாலு வாரம் ஒழுங்கா மாத்திரையா போட்டுப் பாப்பாங்க, அதுக்கும் மசியலைன்னாத்தான் பெரிய ஊசி. ஊசியா போட்டது முத்திப் போன நாள்ல ஒண்ணு ரெண்டு தடவ மட்டும்தானுங்க.

இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அடலிமுமாப் 40 மி.கி., தொடைல தோலுக்குக் கீழ நானே போட்டுக்கறேன். இந்தியக் கம்பெனி 2014ல கொண்டு வந்தப்புறந்தான் எங்கள மாதிரி ஆளுங்க யோசிக்கவாச்சும் முடிஞ்சுது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி இருக்குதான்னு ரத்தம், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பாத்தாங்க, ஒளிஞ்சுட்டு இருக்கற டிபிய இந்த ஊசி கெளப்பி உட்டுருமாம். ஃபிரிட்ஜுல 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள வெக்கோணும், கரண்டு போனா நெஞ்சு அடிச்சுக்கும் போங்க.


சிஸ்டரம்மா | திங்கள், மதியம் 2:30

நான் 34 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிடையர் ஆனவ. எத்தனை ஆயிரம் இடுப்பூசி போட்டிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. சும்மா_ஒருத்தன் தம்பி "யாரும் செத்துப் போயிடல"ன்னு எழுதிருக்கீங்க, நான் பாத்தத சொல்றேன்.

டைக்லோபினாக் ஊசி தசைக்கு உள்ள ஆழமா போகணும், பிட்டத்த நாலா பிரிச்சா மேல் வெளிப்பக்கம், அங்க மட்டும். கைல போடவே கூடாது. நடுவுலயோ கீழயோ போட்டா சயாட்டிக் நரம்புல பட்டுடும். ஒரு கட்டடத் தொழிலாளி, 40 வயசு இருக்கும், எங்கயோ வெளியில ஊசி போட்டுட்டு எங்க வார்டுக்கு வந்தாரு, பாதம் தொங்கிப் போச்சு, செருப்பு தானா கழண்டு விழுது, அவருக்கே தெரியல. ஏழெட்டு மாசம் பிசியோதெரபி பண்ணியும் முழுசா வரல.

இன்னொண்ணு இருக்கு, நிக்கோலாவ் சிண்ட்ரோம்னு பேரு. 1920கள்ல மேகநோய்க்கு பிஸ்மத் ஊசி போட்ட காலத்துல முதல்ல எழுதி வச்சாங்க, இப்ப டைக்லோபினாக்குலயும் வருது. ஊசி உள்ள போற நேரத்துலயே உயிர் போற வலி, அந்த எடம் வெளுத்து, அப்புறம் வலை பின்னுன மாதிரி ஊதா நிறம், ரெண்டு மூணு நாள்ல கருத்து அழுகிப் போயிடும். ரத்தக்குழாய்க்குள்ள மருந்து போயிடுறதாலன்னு சொல்வாங்க. அபூர்வம்தான், என் சர்வீஸ்ல ஒண்ணே ஒண்ணு பாத்தேன், அந்தப் பொண்ணு கத்துனது இன்னும் காதுல இருக்கு. ஊசி போடும்போது சாதாரண வலிய விட தாங்க முடியாத வலி வந்தா "நிறுத்துங்க சிஸ்டர்"னு சத்தமா சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

காய்ச்சலோட உடம்பு வலின்னு போயி இந்த ஊசி கேக்குறவங்களுக்கும் சொல்றேன், டெங்குவா இருந்தா இது ரத்தக்கசிவ கூட்டும். டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் பாரசிட்டமால் மட்டும்தான்.


சும்மா_ஒருத்தன் | திங்கள், மதியம் 3:10

பயமுறுத்துறதுல போட்டி வச்சா இங்க இருக்கவங்களுக்குத்தான் பரிசு. சிஸ்டர் அம்மா மேல மரியாதை இருக்கு, ஆனா கூலி வேலைக்குப் போறவன் நாளைக்கு லீவு போட்டா சோறு இல்ல, அவனுக்கு இன்னைக்கு ராத்திரி வலி போகணும், பெரிய டாக்டர பாக்க டவுனுக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு, ஃபீஸ் 600, டெஸ்ட் 3000. உங்களுக்கு எல்லாம் இது புரியாது.


சிஸ்டரம்மா | திங்கள், மதியம் 3:40

புரியாம இல்லப்பா. அவங்களுக்குத்தான் 34 வருஷம் ஊசி போட்டேன்.


ஹவுஸ்சர்ஜன்_அல்ல | திங்கள், இரவு 11:55

ட்யூட்டி முடிஞ்சு வந்து படிக்கிறேன், பொது மருத்துவம் எம்.டி. படிச்சிட்டு இருக்கேன். வைகைக்கரை அண்ணா, ஆன்லைன்ல நோய கண்டுபிடிக்க முடியாது, ஆனா ரெண்டு விஷயம் உடனே சொல்லணும்.

அம்மா டெல்மிசார்டான் எடுக்குறாங்கன்னு எழுதிருக்கீங்க. கிட்னிக்குள்ள ரத்தம் போற குழாய விரிச்சு வைக்கிறது அதே புரோஸ்டாகிளாண்டின்தான், வலி ஊசி அத சுருக்கிடும். டெல்மிசார்டான் வெளிய வர்ற பக்கத்துக் குழாய விரிச்சுடும். ரெண்டும் சேர்ந்தா வடிகட்டுற அழுத்தமே கொறஞ்சிடும். இதோட சிறுநீர் போறதுக்கான மாத்திரையும் சேர்ந்தா (பிரசர் மாத்திரைல பல சமயம் அது கலந்தே வரும், அட்டைல பேருக்குப் பின்னாடி 'எச்'னு இருக்கும்) மூணு பக்கமும் அடி. வெயில் காலத்துல தண்ணி குடிக்காம தோட்ட வேலை பாத்துட்டு வர்றவங்களுக்கு நாலு நாள்ல கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ஏறி வார்டுக்கு வந்திருக்காங்க. அதனால கிரியாட்டினின் கண்டிப்பா பாருங்க. இதயத்துல அடைப்பு, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு டைக்லோபினாக்கே வேண்டாம். ஆஸ்பிரின் போட்டா இளைப்பு வர்ற ஆஸ்துமாக்காரங்களுக்கும் வேண்டாம்.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். மாத்திரைப்பெட்டி சார் சந்தேகப்படுற மாதிரி அதுல ஸ்டீராய்டு இருந்தா, நாளைக்கே திடீர்னு நிறுத்திடாதீங்க. மாசக்கணக்கா வெளியில இருந்து ஸ்டீராய்டு போனா, உடம்பு தானா சுரக்குற சுரப்பி தூங்கிடும். பட்டுன்னு நிறுத்துனா மயக்கம், வாந்தி, பிரசர் இறங்கிடும், உயிருக்கே ஆபத்தாகும். கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும், அத ஒரு டாக்டர் பாத்துத்தான் செய்யணும். சுகரும் பாருங்க.

அம்மா ஊசி போட்டா சின்னப் பிள்ள மாதிரி ஓடுறாங்கன்னு எழுதுனீங்கள்ல, அத படிச்சதும் எங்க ப்ரொஃபசர் சொன்ன கத ஞாபகம் வந்துச்சு. அமெரிக்கால மேயோ கிளினிக்ல 1948 செப்டம்பர் 21 அன்னைக்கு, ருமட்டாய்டு வந்து படுக்கையே கதின்னு கிடந்த ஒரு அம்மாவுக்கு பிலிப் ஹென்ச் குழு கார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. தினமும் 100 மி.கி. சில நாள்லயே எந்திரிச்சு நடந்தாங்க, ஒரு வாரம் போல ஆனதும் டவுனுக்குப் போயி மூணு மணி நேரம் கடை கடையா ஏறி இறங்கிட்டு வந்தாங்க. ரெண்டே வருஷத்துல, 1950ல, ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல். ஆனா அதுக்குள்ளயே மொகம் உப்புறது, எலும்பு நொறுங்குறது, மனநிலை மாறுறது எல்லாம் வர ஆரம்பிச்சுடுச்சு. மருந்து நிறுத்துனா நோய் திரும்பி வந்துச்சு. அந்த 75 வருஷத்துக்கு முந்துன கதைய நம்ம ஊர் கிளினிக்ல வாரா வாரம் திரும்ப ஓட்டிட்டு இருக்கோம்.


யாழ்_முற்றம் | செவ்வாய், காலை 6:20

நான் கனடாவில இருக்கிறன், ரொறன்ரோ. என்ரை மாமிக்கு முழங்காலுக்குள்ள ஊசி போட்டவை, ட்ரையம்சினலோன் எண்ட ஸ்டீரொயிட்டு, 40 மி.கி. எண்டு நினைக்கிறன். அவவுக்கு ருமட்டாய்டு இல்லை, தேய்மானம். போட்டு முதல் ரெண்டு நாள் வலி கூடிப் போச்சுது, பிறகு ஒரு ரெண்டு மாதம் நல்ல சுகம், படியேறி கோயிலுக்கெல்லாம் போய் வந்தவ. அவவுக்கு நீரிழிவும் இருக்கு, அந்தக் கிழமை சீனி 300க்கு மேல ஏறிட்டுது, ஒருத்தரும் முதலே சொல்லேல்லை, நாங்கள் பயந்து போனம். ஒரே மூட்டுக்கு வருசத்துக்கு மூண்டு நாலு தரத்துக்கு மேல போடமாட்டம் எண்டு டொக்டர் சொன்னவர். 2017ல வந்த ஒரு ஆய்வில மூண்டு மாதத்துக்கு ஒருக்கா ரெண்டு வருசம் போட்ட ஆக்களுக்கு, வெறும் உப்புத்தண்ணி போட்ட ஆக்களை விட குருத்தெலும்பு கூடத் தேய்ஞ்சதாம், வலியிலயும் வித்தியாசம் காணேல்லையாம். மாமியிட்டைச் சொன்னா "அப்ப எனக்கு உப்புத்தண்ணியை அடிக்கச் சொல்லு"ண்டா.


மோயாறு_நடை | செவ்வாய், மாலை 5:45

இழைய திசை திருப்புறேன்னு திட்டாதீங்க, டைக்லோபினாக்னு பாத்ததும் கை அரிக்குது. நான் நீலகிரில பறவை பாக்குற கூட்டத்துல ஒருத்தன். பாறுன்னு சொல்ற பிணந்தின்னிக் கழுகு நம்ம நாட்டுல 90கள்ல கோடிக்கணக்குல இருந்து கிட்டத்தட்ட துடைச்சுப் போட்ட மாதிரி ஆச்சே, அதுக்குக் காரணமே இந்த டைக்லோபினாக்தான். மாட்டுக்கு ஊசி போடுவாங்க, மாடு செத்துடும், கழுகு தின்னும், கிட்னி போயி யூரிக் ஆசிட் உறுப்பு எல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சு சாகும். 2004ல தான் இத கண்டுபிடிச்சாங்க, 2006ல மாட்டுக்கு தடை. ஆனா மனுசனுக்கு வர்ற 30 மில்லி பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்குப் போட்டுட்டே இருந்தாங்க, அதனால 2015ல மனுசனுக்கும் ஒத்தை டோஸ்ல மட்டும்தான் விக்கணும்னு வந்துச்சு. அத எதிர்த்து கம்பெனிக்காரங்க சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2017ல கோர்ட்டு தடை சரின்னு சொல்லிருச்சு. அப்புறம் 2023ல அசிக்ளோபினாக், கீட்டோபுரோபேன்ங்கிற வேற ரெண்டு வலி மருந்தும் மாட்டுக்குத் தடை. மெலாக்சிகாம்ங்கிற வலி மருந்து கழுகுக்குப் பரவாயில்ல.

உங்க வீட்டு ஆம்பியூல் ஏன் அவ்வளவு சின்னதா இருக்குன்னா, அதுல மோயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கிற கழுகுக்கும் பங்கு இருக்கு.


மாத்திரைப்பெட்டி | செவ்வாய், மாலை 6:10

அட ஆமா! அந்த 30 மில்லி பாட்டில் எங்க கடைலயும் இருந்துச்சு, பால்காரங்கதான் அதிகம் வாங்கிட்டுப் போவாங்க. அப்ப ஏன் எதுக்குன்னு நான் கேட்டதில்ல. சரி, கேட்டிருக்கணும்.


வைகைக்கரை | வெள்ளி, இரவு 8:30

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. இன்னைக்கு அம்மா கூட நானும் போனேன். ஊசி போட்டு முடிச்சதும் தட்டுல கெடந்தத போட்டோ எடுத்தேன், அந்தப் பொண்ணு ஒரு மாதிரி பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல. ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு கண்ணாடி ஆம்பியூல், டைக்லோபினாக் 75. இன்னொண்ணு ரப்பர் மூடி போட்ட சின்ன பாட்டில், 2 மில்லி, டெக்ஸாமெத்தசோன்னு போட்டிருக்கு. ரெண்டையும் ஒரே சிரிஞ்சுல இழுத்து போட்டாங்க. பொட்டலத்துல மூணு மாத்திரை, ஒண்ணுலயும் பேரு இல்ல, வெள்ளைல பொடியா ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, ஒரு கேப்சூல்.

டாக்டர் கிட்ட கேட்டேன், கோவப்படல, "உங்கம்மா அழுதுட்டு வர்றாங்க, நான் வேற என்ன பண்றது, மதுரைக்குப் போங்கன்னா போக மாட்டேங்கிறாங்க"ன்னாரு. அதுவும் உண்மைதான், அம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லிருக்காராம், இது எங்ககிட்ட சொல்லவே இல்ல.


மாத்திரைப்பெட்டி | வெள்ளி, இரவு 8:55

நெனைச்சேன். அந்தப் பொடி வெள்ளை மாத்திரையும் ஸ்டீராய்டா இருக்க வாய்ப்பு இருக்கு. டெக்ஸாமெத்தசோன் பாட்டில் 2 மில்லின்னா 8 மி.கி., சாதாரணமா. ஒரு தடவ போட்டா ரெண்டு மூணு நாளைக்கு வேலை செய்யும், அம்மா ஓடுறதுக்கு முக்கால்வாசி காரணம் அதுதான், டைக்லோபினாக் அன்னைக்கு ராத்திரியே தீந்துடும். ரெண்டையும் சேத்து போட்டா வயித்துப் புண்ணுக்கு ஆபத்து ரெண்டு மடங்கு இல்ல, அதுக்கும் மேல. சீக்கிரம் ஒரு வாதநோய் டாக்டர பாருங்க, இந்த ரெண்டு போட்டோவையும் மாத்திரையையும் கையோட கொண்டு போங்க, மறைக்காம சொல்லுங்க.


விரல்கோணி | வெள்ளி, இரவு 11:20

வைகைக்கரை தம்பி, நான் திருச்சி. 11 வருஷமா ருமட்டாய்டு. என் பேரப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும், எனக்கு விரல் கோணிப் போச்சு, ஏன்னா முதல் மூணு வருஷம் உங்க அம்மா மாதிரியே ஊசிலயே ஓட்டினேன். வலி இல்ல, அதனால நோய் இல்லன்னு நெனைச்சேன். வலி ஊசி வலியத்தான் நிறுத்தும், உள்ள மூட்டு அரிச்சுட்டேதான் இருக்கும், அது எனக்கு எக்ஸ்ரே பாத்தப்பத்தான் புரிஞ்சுது. டாக்டர் படத்த வெளிச்சத்துல காட்டி "இது எலி கடிச்ச மாதிரி இருக்கு பாருங்க"ன்னாரு. அன்னைக்கு அழுத மாதிரி நான் எங்கப்பா செத்தப்ப கூட அழல.

இப்ப மீத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள், ஞாயித்துக்கிழமை. முதல்ல மாத்திரை, வயித்தப் பெரட்டுச்சு, அதனால ஊசியா மாத்தினாங்க, தோலுக்குக் கீழ போடுற சின்ன ஊசி. இதுவும் ஊசிதான், ஆனா போட்டதும் வலி போகாது, ஆறு வாரம் எட்டு வாரம் ஆகும் தெரிய. அதனாலதான் ஜனங்க விட்டுட்டுப் போயிடுறாங்க. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. கூட ஃபோலிக் ஆசிட் தருவாங்க, லிவருக்கும் ரத்த அணுக்கும் அப்பப்ப டெஸ்ட் எடுக்கணும்.

சென்னைன்னா ராஜீவ் காந்தி ஜி.எச்.ல வாதநோய்க்குன்னே தனிப் பிரிவு இருக்கு, புதுச்சேரில ஜிப்மர், வேலூர்ல சி.எம்.சி. உங்களுக்குத் தூரம்தான், மதுரைலயும் இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க, விசாரிங்க. எலும்பு டாக்டர் வேற, வாதநோய் டாக்டர் வேற, மாத்திப் போயிடாதீங்க.

முடக்கத்தான் தோசை, பூண்டு பால் எல்லாம் நானும் சாப்டேன், இப்பவும் சாப்பிடுறேன், தோசை நல்லாருக்கும். பேரு தெரியாத சூரணம், லேகியம் மட்டும் வேண்டாம், சிலதுல ஸ்டீராய்ட பொடிச்சுக் கலந்து விக்கிறாங்க, "ரெண்டே நாள்ல கேக்கும்"னு யாராவது சொன்னா அதுதான் அடையாளம்.


சும்மா_ஒருத்தன் | சனி, காலை 9:00

விரல்கோணி அக்கா எழுதுனத படிச்சேன். சரி. அப்பாக்கு கிரியாட்டினின் எடுக்கச் சொல்லிருக்கேன், இங்க இருக்கவங்க வாய மூடுறதுக்காக.


வைகைக்கரை | 5 வாரம் கழிச்சு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இடையில எழுத முடியல, வேலை. மதுரைல வாதநோய் டாக்டர பாத்தோம். ருமட்டாய்டுக்குப் பாக்குற ஆன்ட்டி சி.சி.பி. ரத்த டெஸ்ட் நல்லா பாசிட்டிவ், உடம்புல வீக்கம் எவ்வளவுன்னு காட்டுற இ.எஸ்.ஆர். 78. ருமட்டாய்டேதான். சுகர் 212, இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. கிரியாட்டினின் 1.1, பரவாயில்லன்னாரு. ஊசி போட்டோவ காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துட்டு "இத காட்டுனதுக்கு தேங்க்ஸ்"னு மட்டும் சொன்னாரு. மீத்தோட்ரெக்சேட் வாரம் 15 மி.கி., ஹைட்ராக்சிகுளோரோகுவின், அப்புறம் ஸ்டீராய்ட மாத்திரையா கொடுத்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கொறைச்சுட்டே வர்றாரு.

முதல் மூணு வாரம் நரகம். அம்மா பேசவே இல்ல எங்கிட்ட. "ஊசிய நிறுத்தி என்னைய மொடக்கிப் போட்டுட்டான்"னு தெருவுல போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுது. ஒரு வெள்ளிக்கெழம எனக்குத் தெரியாம கெளம்பிப் போயிருச்சு, நல்லவேளை அந்த டாக்டரே "மதுரை டாக்டர் சொன்னத கேளுங்கம்மா"ன்னு ஊசி போடாம திருப்பி அனுப்பிட்டாரு. அதுக்கும் நாந்தான் போன் பண்ணிச் சொல்லிட்டேன்னு சண்டை. நான் சொல்லவே இல்ல.

இப்ப அஞ்சாவது வாரம், வீக்கம் லேசா கொறஞ்ச மாதிரி இருக்கு, காலைல விறைப்பு அரை மணி நேரம். பால் பாக்கெட் இன்னும் பல்லுதான்.


சிஸ்டரம்மா | அன்றே, இரவு

அம்மாகிட்ட சண்டை போடாதப்பா. ஒன்றரை வருஷம் அந்த ஊசிதான் அவங்களுக்குத் துணை. அந்த வாரம் ஒரு நாள் மாத்திரைய மட்டும் நீயே கையில எடுத்துக் குடு, அவங்ககிட்ட அட்டைய விட்டுடாத.


சும்மா_ஒருத்தன் | அன்றே, இரவு

அப்பா கிரியாட்டினின் 1.9. யார பாக்கணும்? கிட்னி டாக்டரா, வாதநோய் டாக்டரா? யூரிக் ஆசிட் 9.4.


ஹவுஸ்சர்ஜன்_அல்ல | அன்றே, இரவு 12:10

அண்ணா, முதல்ல ஒரு பொது மருத்துவர பாருங்க, அவர் கிட்னி டாக்டருக்கு அனுப்புவாரு. அதுவரைக்கும் வோவரான் ஊசி, மாத்திரை எதுவும் வேண்டாம், கட்டை விரல் வீங்குனாலும் வேண்டாம். யூரிக் ஆசிட்ட 6க்குக் கீழ கொண்டு வந்து வச்சாத்தான் அந்த வீக்கமே திரும்பத் திரும்ப வராம இருக்கும், அதுக்குத் தனி மாத்திரை இருக்கு, கிட்னிய பாத்து அளவு போடுவாங்க. பத்து வருஷத்துல யாரும் அத ஆரம்பிக்கலையா?


சும்மா_ஒருத்தன் | அன்றே, இரவு 12:25

இல்ல. ஊசி போட்டா போயிடுமே, அதனால கேக்கல.


புதுசா_வந்தவள் | மறுநாள், காலை 10:40

வணக்கம், எங்க மாமியாருக்கும் தோள்பட்டைல வலி, பத்து நாளா ஊசி போடுறாங்க, நல்லா கேக்குது. தொடரலாமா?


மாத்திரைப்பெட்டி | மறுநாள், காலை 10:52

எந்த ஊசிம்மா? காலி ஆம்பியூல் போட்டோ எடுத்துட்டு வாங்க, புதுசா ஒரு இழை ஆரம்பிச்சு அதுல போடுங்க.